கணினி விற்பனையில் விலைப்போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகள் போட்டி போட்டு விலையைக் குறைக்கும்போது கணினித் தயாரிப்பாளர்களுக்கும் ரீசெல்லர்களுக்கும் (வாங்கி விற்கும் கடைக்காரர்கள்) என்ன ஆகிறது என்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. உதாரணக் கணக்குகளில் நாணயத்தைக் குறிப்பிடவில்லை. எந்தப் பணத்தை வைத்துப் போட்டாலும் கணக்கு மாறாது.

விலைப்போர்னா என்ன? சீசன் தள்ளுபடியும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. தள்ளுபடிக்குத் தொடங்கும் தேதி, முடியும் தேதி, இத்தனை பெட்டி (கணினி) என்ற அளவு எல்லாம் முன்பே தீர்மானமாகி இருக்கும். பெரும்பாலும் அந்தச் செலவில் தயாரிப்பாளரும் பங்கு ஏற்றிருப்பார். விலைப்போரில் இது எதுவும் கிடையாது. ஒரு கடை குறைக்கும், எதிர்க்கடை அதைவிடக் குறைக்கும், முதல் கடை மறுபடி இறங்கும். எங்கே போய் நிற்கும் என்பது ஆரம்பித்தவருக்கே தெரியாது.

எது என்று கண்டுபிடிக்க டிஸ்ட்ரிபியூட்டரிடம் (கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த விநியோகஸ்தர்) ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்த விலைக்கு ஸ்கீம் கடிதம் இருக்கா?" தேதியும் மாடல் எண்ணும் போட்ட கடிதம் வந்தால் அது தள்ளுபடி. "நாங்களும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்று பதில் வந்தால் அது போர்.

எதிர்க்கடை விற்கிற விலையைவிட எங்க கொள்முதல் விலையே அதிகம். அந்தக் கடைக்காரர் மட்டும் எப்படிக் கொடுக்கிறார்?

முதல் காரணம் இலக்குக் கழிவு, அதாவது இத்தனை பெட்டி விற்றால் தயாரிப்பாளர் திருப்பித் தரும் பணம். ஒரு லேப்டாப்பின் அடக்க விலை 1000 என்று வைத்துக்கொள்வோம். காலாண்டில் 100 பெட்டி விற்றுக் காட்டினால் நூற்றுக்குமே 2 சதவீதம் கழிவு, அதாவது 2000. கடைசி வாரத்தில் அவர் 88இல் நிற்கிறார். மீதி 12 பெட்டியை 900க்குத் தள்ளிவிட்டால் நஷ்டம் 1200. கழிவாக வருவது 2000. கையில் 800 நிற்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு அது பைத்தியக்கார விலை, அவருக்கு லாபக் கணக்கு. ஆனால் 12க்குப் பதில் 11 மட்டும் விற்றால் 1100 நஷ்டம், கழிவு பூஜ்யம். காலாண்டின் கடைசி நான்கு நாளில் விலை தலைகுப்புற விழுவது இதனால்தான். இதையே வழக்கமாக்கி, வரப்போகும் கழிவை முதல் நாளிலேயே விலையில் கழித்து விற்பவர்களும் உண்டு. எல்லாரும் அப்படிச் செய்தால் சந்தை விலை 980க்கு இறங்கிவிடும். அப்புறம் அந்தக் கழிவு ஊக்கத்தொகை அல்ல, உயிர்மூச்சு.

இரண்டாவது, ரொக்கச் சுழற்சி. 30 நாள் கடனில் எடுத்த சரக்கை 5 நாளில் அடக்க விலைக்கே விற்றால், 25 நாளைக்கு வட்டியில்லாப் பணம் கையில் புரளும். விற்பனை வளரும் வரை இது ஓடும். ஒரு மாதம் விற்பனை படுத்தால் பழைய பாக்கியைக் கட்டப் பணம் இருக்காது. டிஸ்ட்ரிபியூட்டர்கள் மிகவும் பயப்படுவது இந்த ரகத்துக்குத்தான்.

மூன்றாவது, பெட்டியில் விட்டதைப் பக்கத்தில் எடுப்பது: நீட்டிப்பு வாரண்டி, தவணைக் கடன் கமிஷன், பை, மவுஸ். லேப்டாப்பில் 3 சதவீதம் மிஞ்சும் கடைக்கும் மவுஸில் 30 சதவீதத்துக்கு மேல் நிற்கும். நான்காவது கொஞ்சம் கோணல். பெரிய நிறுவன ஆர்டருக்கென்று சிறப்பு விலையில் வாங்கிய சரக்கு சில்லறைக் கடைக்குத் திசை திரும்பி வந்துவிடும். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் வாரண்டி முன்பே தொடங்கியிருக்கும், அல்லது வேறு நாட்டைக் காட்டும்.

நானும் குறைச்சா விற்பனை கூடும், மொத்த லாபம் அதே வரும்தானே?

கணக்குப் போட்டுவிட்டுப் பேசலாம். இப்போதைய மார்ஜினை (விற்பனையில் மிஞ்சும் லாப சதவீதம்), குறைத்த பிறகு மிஞ்சும் மார்ஜினால் வகுங்கள். அத்தனை மடங்கு விற்றால்தான் பழைய லாபம் வரும். 8 சதவீத மார்ஜினில் 3 குறைத்தால் 8 வகுத்தல் 5: 1.6 மடங்கு. 5 சதவீத மார்ஜினில் அதே 3 குறைத்தால் 5 வகுத்தல் 2: இரண்டரை மடங்கு. மாதம் 20 பெட்டி விற்றவர் 50 விற்க வேண்டும். அதற்கு வேண்டிய முதல், டெலிவரி, வாரண்டி அலைச்சல் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. எதிராளியும் அன்றே குறைத்தால் அந்த இரண்டரை மடங்கு எங்கிருந்து வரும்?

குறைக்கவே கூடாது என்றில்லை. பழைய பிராசஸர் தலைமுறைச் சரக்கு தேங்கியிருக்கிறது, புதியது அறிவிப்பாகிவிட்டது என்றால் முதல் ஆளாகக் குறைப்பதே புத்திசாலித்தனம். எத்தனை பெட்டி, எந்த விலைக்குக் கீழே போகக்கூடாது என்ற இரண்டையும் காலையிலேயே எழுதி வைத்துவிடுங்கள். மாலையில் வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் கையைக் கடிக்கும்.

கடைக்காரர்கள் அடிச்சுக்கிட்டா கம்பெனிக்கு என்ன? அவங்கதான் ஏற்கெனவே வித்தாச்சே?

கடைக்கு விற்றது ஒன்று, கடையிலிருந்து விற்பது வேறு. கணக்குப் புத்தகத்தில் முதலாவது விற்பனை ஆகிவிடும். ஆனால் பெட்டி அலமாரியில் இருக்கும்வரை அதன் விலைவீழ்ச்சியில் தயாரிப்பாளருக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் விலைப் பாதுகாப்பு என்று ஒரு வாக்குறுதி கொடுத்திருப்பார் (அடுத்த கேள்வியில் விவரம்). காலாண்டு எண்ணிக்கைக்காக டீலர் தலையில் சரக்கைக் கட்டும் பழக்கம் உள்ள நிறுவனத்துக்கு இது இரட்டை அடி. இந்தக் காலாண்டில் அழகாகக் காட்டிய விற்பனை, அடுத்த காலாண்டில் கிரெடிட் நோட்டாக (டீலர் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு) திரும்பி வரும்.

இதைவிட ஆழமான சேதம் இன்னொன்று. ஒரு பெரிய கடை ஒரு மாடலை அடக்க விலைக்குக் கீழே விற்க ஆரம்பித்தால், மற்ற கடைகள் அந்த மாடலை வாங்குவதை நிறுத்திவிடும். கேட்டு வருபவரிடம் "அதுல ஹீட் பிரச்சினை இருக்கு, இதை எடுங்க" என்று வேறு பிராண்டைக் காட்டுவார்கள். ஆறு மாதத்தில் அந்த மாடல் ஒரே கடையில்தான் கிடைக்கும். பிறகு தயாரிப்பாளரிடம் விலை பேசுவது அந்த ஒரே கடை.

விலைப் பாதுகாப்பு இருக்குன்னு டிஸ்ட்ரிபியூட்டர் சொன்னார். நம்பி ஸ்டாக் எடுக்கலாமா?

எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலைப் பாதுகாப்பு என்றால், தயாரிப்பாளர் அதிகாரப்பூர்வமாக விலையைக் குறைக்கும் நாளில் உங்களிடம் விற்காமல் இருக்கும் சரக்குக்கு வித்தியாசத்தை வரவு வைப்பது. இதில் "அதிகாரப்பூர்வமாக" என்ற சொல்தான் எல்லாம். பக்கத்துக் கடை குறைத்தால் விலைப் பாதுகாப்பு கிடையாது. கேட்பவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது, சொல்பவர்களும் தெளிவாகச் சொல்வதில்லை.

அடுத்தது கால வரம்பு. உங்களிடம் 40 பெட்டி இருக்கிறது, விலை 30 குறைகிறது, ஒப்பந்தம் கடைசி 30 நாளில் பில் போட்ட சரக்கை மட்டும் சேர்க்கிறது என்று வையுங்கள். 25 பெட்டி அந்த வரம்புக்குள் வந்தால் 750 வரவாகும். மீதி 15 பெட்டியின் 450 உங்கள் நஷ்டம். டெமோவுக்குப் பிரித்த பெட்டிகள், நீங்கள் சப்-டீலருக்குக் கொடுத்துவிட்டவை இரண்டும் பொதுவாகச் சேராது. வழியில் லாரியில் இருப்பது சேருமா என்பதை மட்டும் கட்டாயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சண்டை அங்கேதான் வரும்.

விலைக்குறைப்பு மின்னஞ்சல் வந்த அன்றே கையிருப்பைச் சீரியல் எண் வாரியாக எடுத்து, தேதியோடு அனுப்பிவிட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்தால் நடுவில் விற்ற இரண்டு பெட்டி பட்டியலில் சேர்ந்து, சீரியல் பொருந்தாமல் முழு கோரிக்கையும் நிற்கும். கிரெடிட் நோட் வர இரண்டு மூன்று மாதம் ஆவது சகஜம். வரும்போதும் ரொக்கமாக வராது, அடுத்த பில்லில் கழியும். எனவே அதை நம்பி இந்த மாதப் பாக்கிக்குத் தேதி சொல்லாதீர்கள்.

கணினியில மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?

பத்து பிராண்டுக்குள்ளும் இருக்கும் பிராசஸர் இரண்டு மூன்று நிறுவனங்களுடையது, இயங்குதளம் பெரும்பாலும் ஒன்றே. வாங்குபவர் ஒரே வரியில் ஒப்பிட்டுவிடுகிறார். அதோடு சரக்கு கையில் இருக்க இருக்க மதிப்பு இறங்கும். வாரத்துக்கு 1 சதவீதம் இறங்குகிறது என்று வைத்தாலே ஆறு வாரச் சரக்கு வைத்திருப்பவரின் மொத்த மார்ஜினும் அலமாரியிலேயே கரைந்துபோகும். மெமரி விலை ஏறும் காலங்களில் இதுவே தலைகீழாகும். அப்போது பழைய சரக்கு வைத்திருப்பவர் ராஜா. ஆனால் அதை எதிர்பார்த்துச் சரக்குச் சேர்ப்பது சூதாட்டம்.

இதனால உண்மையிலேயே யாராவது தொழிலை விட்டுப் போயிருக்காங்களா?

1980களின் வீட்டுக் கணினிப் போரைப் பாருங்கள். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஐ-99/4ஏ 1981இல் 525 டாலருக்கு வந்தது. கமடோர் நிறுவனம் விக்-20இன் விலையைக் குறைக்கக் குறைக்க இவர்களும் குறைத்து, 1983இல் 100 டாலர் அளவுக்கு வந்துவிட்டார்கள். அந்த விலை கமடோருக்குத் தாங்கியது. சிப் செய்யும் மாஸ் டெக்னாலஜியை அது 1976லேயே வாங்கியிருந்தது. 1983 அக்டோபரில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வீட்டுக் கணினியையே கைவிட்டது. மிச்சச் சரக்கு 50 டாலருக்குப் போனது. இதே போரில் கமடோர் இன்னொரு வேலையும் செய்தது. எந்தப் பழைய கணினியையோ கேம் கருவியையோ கொடுத்தாலும் கமடோர் 64 வாங்க 100 டாலர் கழிவு. சிலர் 50 டாலருக்கும் குறைவாகக் கிடைத்த டைமெக்ஸ் சின்க்ளேர் 1000ஐப் புதிதாக வாங்கி, அதையே கொடுத்துக் கழிவை எடுத்துக்கொண்டார்கள்.

ஜெயித்தவரும் சும்மா தப்பவில்லை. சரக்கு கேமார்ட் போன்ற பெருங்கடைகளுக்குப் போனதும், கணினியை விளக்கி விற்கத் தெரிந்த சிறு டீலர்கள் வெறுத்து விலகினார்கள். 1985இல் கமடோரின் அடுத்த கணினியான அமிகா வந்தபோது அந்த டீலர் வலை மெலிந்து கிடந்தது. 1994இல் கமடோரும் திவாலானது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதுவும் ஒன்று என்றே சொல்ல வேண்டும்.

போரை ஆரம்பிக்கிறதே தயாரிப்பாளரா இருந்தா?

அதுவும் நடந்திருக்கிறது. 1992 ஜூனில் காம்பேக் தன் கணினிகளின் விலையைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டி, புரோலீனியா என்ற மலிவு வரிசையை இறக்கியது. ஐபிஎம் உட்பட எல்லாரும் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. பெயரில்லாத அசெம்பிள் கணினிகளை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குத்தான் பெரிய அடி. அதுவரை அவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் விலை வித்தியாசம்தான்.

அடுத்து வந்தது டெல். ஆர்டர் வந்த பிறகே பெட்டியைக் கட்டும் முறை என்பதால், 2000களின் தொடக்கத்தில் அதன் கையிருப்பு ஒரு வாரத்துக்கும் குறைவு. மேலே சொன்ன வாரம் 1 சதவீதக் கணக்கில், ஆறு வாரச் சரக்கோடு நிற்கும் போட்டியாளரைவிட 5 சதவீதம் முன்னிலை. விலைப்போரில் அந்த 5 போதும். ஹெச்பியும் காம்பேக்கும் 2002இல் இணைந்தன, கேட்வே 2004இல் தன் 188 கடைகளையும் மூடி 2007இல் ஏசரிடம் போனது, ஐபிஎம் 2004 டிசம்பரில் பிசி பிரிவை லெனோவோவுக்கு விற்க ஒப்புக்கொண்டது.

கம்பெனியே ஒரு குறைந்தபட்ச விலை வச்சு, மீறுறவங்களுக்கு சப்ளையை நிறுத்தலாமே?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவில் 1911 முதல் குறைந்தபட்ச மறுவிற்பனை விலையை நிர்ணயிப்பது, விளைவு எதுவானாலும், சட்டவிரோதம் என்று இருந்தது. 2007இல் லீஜின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஒவ்வொன்றையும் அதன் விளைவைப் பார்த்து எடைபோட வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது இன்றும் கடுமையான மீறல். 2018இல் ஆசுஸ், பிலிப்ஸ், பயனியர், டெனான்-மராண்ட்ஸ் நான்குக்கும் சேர்த்து ஐரோப்பிய ஆணையம் 111 மில்லியன் யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. ஆசுஸின் பங்கு மட்டும் 63.5 மில்லியன். குறைத்து விற்ற ஆன்லைன் கடைகளைக் கூப்பிட்டு விலையை ஏற்றச் சொன்னதுதான் குற்றம்.

விளம்பரத்தில் போடக்கூடிய குறைந்தபட்ச விலை என்பது வேறு ஏற்பாடு. போர்டில் 1000 என்றுதான் போட வேண்டும், உள்ளே பேசி 960க்குக் கொடுக்கலாம். ஆன்லைனில் போர்டும் பில்லும் ஒன்றே என்பதால் அங்கே இந்த வித்தியாசம் மங்கிப்போகிறது. எதுவானாலும், விலையை ஏற்றச் சொல்லிப் பக்கத்துக் கடைக்காரரோடு நீங்களே பேசி ஒப்பந்தம் போடுவது அநேகமாக எல்லா நாட்டிலும் சட்டவிரோதம். வாட்ஸ்அப் குழுவில் பேசினாலும் அப்படித்தான்.

நடுராத்திரியில ஆன்லைன் விலை தானா இறங்குது. யார் உட்கார்ந்து குறைக்கிறாங்க?

யாரும் இல்லை, விலையைத் தானாக மாற்றும் நிரல்தான். "மிகக் குறைந்த விலையைவிட 1 குறைவு" என்று இரண்டு கடையும் ஒரே விதியை வைத்தால், தரைவிலையை (இதற்குக் கீழே போகாதே என்று வைத்த விலை) எட்டும்வரை இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இறங்கும். ஒருவர் தரைவிலை வைக்க மறந்திருந்தால் முதலுக்கே மோசம். மேலே சொன்ன 2018 அபராத முடிவிலும் இந்த நிரல்களின் பேச்சு வந்தது. ஒருவர் விலையை ஏற்ற வைத்தால் மற்ற நிரல்களும் கூடவே ஏறிவிடுகின்றன என்பது ஆணையத்தின் கவனிப்பு.

நிரல் வைத்திருந்தால் தரைவிலையை மாடலுக்கு மாடல் தனியாகப் போடுங்கள். ஒரே ஒரு பெட்டி வைத்திருக்கும் விற்பனையாளரையும், பெட்டி பிரித்த சரக்கையும் ஒப்பீட்டிலிருந்து நீக்குங்கள். ஒரு நாளில் இத்தனை முறைக்கு மேல் மாறக்கூடாது என்று பூட்டும் போடுங்கள். எதிராளியின் 900 விலை காலாண்டுக் கடைசியில் 12 பெட்டிக்கு மட்டுமானது என்பது (இரண்டாவது கேள்வி) நிரலுக்குத் தெரியாது.

ஒரே லேப்டாப்தான், ஆனா மாடல் எண்ணில் கடைசி எழுத்து மட்டும் மாறுது. ஏன்?

பெரிய கடைக்கென்றே தனி மாடல் எண் போட்டுக் கொடுப்பது தயாரிப்பாளர் கண்டுபிடித்த வெள்ளைக்கொடி. எண் வேறாக இருந்தால் நேரடி ஒப்பீடு இல்லை, ஒப்பீடு இல்லையேல் சண்டை இல்லை. சில சமயம் உள்ளே எதுவும் மாறாது. சில சமயம் திரை மங்கலாக இருக்கும், 8 ஜிபி மெமரி இரண்டு பட்டைக்குப் பதில் ஒரே பட்டையாக இருக்கும், பேட்டரி சின்னதாகும். முழு மாடல் எண்ணை அடிப்பகுதி ஸ்டிக்கரில் பார்த்து ஒப்பிடுங்கள். பெட்டிமேல் இருக்கும் வரிசைப் பெயர் போதாது.

"வேறெங்காவது குறைவா இருந்தா வித்தியாசம் தருவோம்"னு போர்டு வைக்கிறாங்களே, அது போரை வளர்க்காதா?

பெரும்பாலும் அடக்கும். நான் விலையைக் குறைத்தாலும் எதிர்க்கடை அதே விலைக்குக் கொடுத்துவிடும், வாடிக்கையாளர் என்னிடம் வரமாட்டார் என்று தெரிந்தால் நான் ஏன் குறைக்கப் போகிறேன்? வாடிக்கையாளருக்கான வாக்குறுதி போலத் தோன்றினாலும், அந்தப் போர்டு எதிர்க்கடைக்காரருக்கும் எழுதிய கடிதம். தவிர, அதே மாடல் எண், கையிருப்பில் இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளராக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். முந்தைய கேள்வியில் சொன்ன தனி மாடல் எண்ணையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கொடுக்க வேண்டிய வேளையே வராது.

எது எப்படியோ, வாங்குறவங்களுக்கு லாபம்தானே?

அந்த நாளில், அந்தப் பெட்டியில் லாபம்தான். அடுத்த ஆண்டு மாடலில் எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும்: கீல், விசைப்பலகை, திரை, சேவை மையங்களின் எண்ணிக்கை. மார்ஜின் மெலிந்தால் முன்பே ஏற்றி வைக்கும் மென்பொருளுக்கு வரும் சில்லறைப் பணத்தின் மீது தயாரிப்பாளரின் கண் போகும். 2014 கடைசியில் லெனோவோவின் சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் ஏறியிருந்தது. பாதுகாப்பான இணைய இணைப்பையே அது பலவீனப்படுத்துவது தெரியவந்ததும், 2015 பிப்ரவரியில் நீக்கும் கருவியை வெளியிட வேண்டியதாயிற்று.

போரில் பெரிய கடை ஒண்ணு மூடிட்டா மிச்சம் இருக்கிற எங்களுக்கு நல்லதுதானே?

உடனடியாக இல்லை. மூடும் கடைதான் மிக மோசமான போட்டியாளர், ஏனென்றால் சரக்கைக் கழிக்க வருபவருக்கு நாளைய வியாபாரம் பற்றிக் கவலை இல்லை. அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டி 2008 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது, 2009 ஜனவரியில் மிச்சமிருந்த 567 கடைகளிலும் சரக்குத் தீர்க்கும் விற்பனை தொடங்கியது, மார்ச்சில் எல்லாம் மூடியது. அந்த வாரங்களில் பக்கத்தில் முழு விலைக்குக் கணினி விற்றவர்களின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளருக்கு இன்னும் கஷ்டம். சரக்குக் கொடுத்தவர் அடமானம் இல்லாத கடன்காரர், வரிசையில் கடைசி. சர்க்யூட் சிட்டியின் கடன்காரர் பட்டியலில் முதலில் நின்றவை ஹெச்பியும் சாம்சங்கும்: முன்னதற்குச் சுமார் 119 மில்லியன் டாலர், பின்னதற்குச் சுமார் 116 மில்லியன். இப்படி அடி வாங்கியவர்கள் அடுத்து செய்வது, இருக்கும் எல்லா டீலரின் கடன் நாட்களையும் குறைப்பது. அந்தக் கத்தி உங்கள் கழுத்துக்கும் வரும்.

சரி, சின்ன ரீசெல்லர் நான். இப்ப என்ன செய்யட்டும்?

கையிருப்பு நாட்களைக் குறையுங்கள். விலை விழும் நேரத்தில் சரக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும். கையிருப்பை ஒரு நாள் விற்பனையால் வகுத்தால் நாள் கணக்கு வரும். 30 நாளுக்கு மேல் நிற்கும் மாடலை மறு ஆர்டர் போடாதீர்கள். 45 தாண்டியதை அடக்க விலைக்கே விற்று வெளியே வாருங்கள். கூடுதல் ஒரு சதவீதத்துக்காக 50 பெட்டி எடுப்பதைவிட, வாரம் 10 எடுப்பது மலிவு.

கொட்டேஷனில் செல்லுபடி நாளை 3 அல்லது 5 என்று போடுங்கள். நிறுவன வாடிக்கையாளர் கேட்டால் விலை சொல்வதற்கு முன்பே தயாரிப்பாளரிடம் அந்த ஆர்டரைப் பதிவு செய்துவிடுங்கள். முதலில் பதிந்தவருக்கே சிறப்பு விலை. பின்னால் வரும் பெரிய டீலருக்கு அதே ஆர்டரில் அதே விலை பெரும்பாலும் கிடைக்காது. நிறுவனங்களுக்கான மாடல் வரிசைகளில் சில்லறைச் சண்டை குறைவு.

டேட்டா மாற்றுவது, பழைய பிரிண்டரை இணைத்துக் கொடுப்பது, வீட்டுக்கு வந்து பார்ப்பது ஆகியவற்றை பில்லில் தனி வரியாகப் போடுங்கள், ஒரு சின்னத் தொகையாவது. இலவசமாகச் செய்து லேப்டாப் விலையில் 20 கூட்டினால், வாடிக்கையாளர் கண்ணில் படுவது அந்த 20 மட்டுமே.